டென்னசித் தெருவில் ஒரு செத்தவீடு

அமெரிக்காவைப் பற்றிப் பேசுவதற்கு நான் ஜெர்மனிக்குப் போனேன். கேட்பவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். சிரிக்க என்ன இருக்கிறது? கூட்டம் அமெரிக்காவில் நடப்பதாகத்தான் இருந்தது. அழைத்தவர்களில் பாதிப் பேருக்கு விசா கிடைக்கவில்லை. சென்னையில் என்னை விசாரித்த இளைஞர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். ஐயா, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வருஷக்கணக்காக உங்கள் நாட்டு வரலாற்றைத்தான் நடத்துகிறேன், உங்கள் ஜனாதிபதிகளை வரிசை பிசகாமல் ஒப்பிப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கடைசியில் அமைப்பாளர்கள் கூட்டத்தையே கடல் தாண்டிக் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குத் தூக்கி வந்துவிட்டார்கள்.

அமெரிக்கா வல்லரசாக எழுந்த காலத்தின் அரசியல், சமூக மாற்றங்கள் என்பது தலைப்பு. எங்கள் பாடத்திட்டத்தில் இது பத்து மதிப்பெண் கேள்வி. ரயில் பாதை, எஃகு, எண்ணெய், ஸ்பெயினோடு சண்டை, பிலிப்பைன்ஸ், பனாமா கால்வாய், பெண்களுக்கு ஓட்டு என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் எழுதித் தள்ளுவார்கள். அதே காலத்தில்தான் சீனர்களுக்கு முதலில் கதவைச் சாத்தினார்கள், பிறகு நமக்கும் சாத்தினார்கள். அது எங்கள் புத்தகத்தில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியைத்தான் நான் கட்டுரையாக விரித்து எழுதியிருந்தேன்.

ஜெர்மனியில் இறங்கிய முதல் நாளே ரயில் என்னை ஏமாற்றியது. வழியில் ஒரு நிலையத்தில் ரயிலை இரண்டாக வெட்டினார்கள். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி இன்னோர் ஊருக்கு. அறிவிப்பு ஜெர்மனில் வந்தது, எனக்கு அது மந்திரம் ஓதுவதுபோல இருந்தது. சுகமாகத் தூங்கிக்கொண்டே எங்கோ ஒரு மரம் அறுக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். திருநெல்வேலி பஸ்ஸில் தப்பான ஊருக்கு ஏறினால் கண்டக்டர் திட்டி இறக்கிவிடுவார், அதிலாவது ஒரு அக்கறை இருக்கும். இங்கே ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை.

திரும்பி வரும் ரயிலில் எதிரே ஒரு வயதான ஜெர்மன் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மெதுவான ஆங்கிலத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டார். தெருவின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அது அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்த குடியிருப்பு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அவ்வளவு பெரிய குளிர்பெட்டி! அவர்கள் ஊரைக் காலி செய்தபோது நாங்கள் அழுதோம்" என்றார். பிறகு, "இப்போது என் பேத்தி அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே சொன்னேன்" என்றார். எனக்குத் தன் பையிலிருந்து உப்புத் தூவிய பிரெட்ஸல் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தார். முறுக்கு வேகாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அந்தத் தெருவுக்குப் பெயர் டென்னசி. பக்கத்துத் தெருவுக்குக் கென்டக்கி. அமெரிக்கப் பட்டாளம் போய்விட்டது, பெயர்கள் மட்டும் கம்பத்தில் தொங்குகின்றன. அங்கேதான் என் தோழி புவனா இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக்காலத்தில் படகேறி வந்து, பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்து, என் வகுப்பில் என் பக்கத்து இருக்கையில் படித்தவள். பிறகு குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டாள். இங்கே நான் தருகிற பெயர்கள் எதுவும் அசல் இல்லை. எழுதலாமா என்று கேட்க வேண்டியவர்களிடம் கேட்டுவிட்டேன்.

"எடியே செல்வி, நல்லா மெலிஞ்சு போனாய்!" என்று வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "ஏட்டி, ஒனக்குக் கண்ணு தெரியலையா?" என்றேன். எடை கூடியதற்கு டாக்டரிடம் வசவு வாங்கிவிட்டு வந்தவள் நான். அவள் கணவர் சிவநாதன் அண்ணன் புட்டும் சொதியும் சமைத்து வைத்திருந்தார். அவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அந்த வீட்டில் சமையல் அவர்தான். தேங்காய்ப்பால் சொதியை ஒரு வாய் குடித்ததும் ரயில் செய்த அநியாயம் பாதி மறந்துபோனது.

புவனாவின் அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார். நுரையீரலில் நீர். மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி வாறானோ?" என்று கேட்டார். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. புவனா, "வாறான் அம்மா, வாறான்" என்றாள். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றாள்.

தம்பி என்பது புவனாவின் தம்பி குமரன். நான் பாளையங்கோட்டையில் பார்த்தபோது மூக்கு ஒழுகிக்கொண்டு எங்கள் வீட்டு மாங்காயைத் திருடித் தின்றவன். என்னைச் செல்வியக்கா என்பான். ஜெர்மனியில் வளர்ந்து, ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கி, வேலைக்கென்று அமெரிக்கா போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு பெண் குழந்தைகள். விசா முடிந்து நாளாகிவிட்டது. நிரந்தரமாக இருப்பதற்கான விண்ணப்பம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்களைக் கண்டும் காணாமல் விட்டார்களாம். இப்போது கடைத்தெருவில் வைத்துப் பிடிக்கிறார்கள். நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைத்தால் விண்ணப்பம் செத்தது, பத்து வருஷம் உள்ளே விடமாட்டார்கள் என்று அவனுடைய வக்கீல் சொல்லியிருக்கிறார். அவன் வீடும் மனைவியும் பிள்ளைகளும் அங்கே. ஜெர்மனிக்கு வர அவனுக்கு ஒரு தடையும் கிடையாது. வந்தால் திரும்பிப் போக முடியாது, அவ்வளவுதான்.

கருத்தரங்கு மண்டபத்தில் எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தன. காப்பியில் மட்டும் பால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. தொடங்கும்போதே தலைவர் அறிவித்தார்: படம் எடுக்கக் கூடாது, யார் என்ன சொன்னார் என்று வெளியே எழுதக் கூடாது. ஏதோ ராணுவ ரகசியம் பேசப் போகிறோம் என்று நினைத்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய தொழிற்சாலைகளைப் பற்றித்தான் பேசினார்கள். தேநீர் இடைவேளையில் தலைவர் என்னை ஓரமாக அழைத்து, என் கட்டுரையின் கடைசிப் பகுதியை வாசிக்க வேண்டாம் என்றார். அதில்தான் அன்றைய கதவையும் இன்றைய கதவையும் ஒப்பிட்டிருந்தேன். "இது வரலாற்றுக் கருத்தரங்கு, அம்மா. நடப்பு அரசியல் வேண்டாமே" என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற ஓர் அமெரிக்க விரிவுரையாளர், இளம்பெண், தலைவர் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "தவறாக நினைக்காதீர்கள், எங்களுக்காகத்தான் கேட்கிறார். நாங்கள் திரும்பிப் போக வேண்டும். விமான நிலையத்தில் போனைத் திறந்து பார்க்கிறார்கள்" என்றாள். அவள் அந்த நாட்டிலேயே பிறந்தவள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பி கசந்தது. பேச்சுச் சுதந்திரம் என்ற தலைப்பில் நான் எத்தனை வகுப்புகளில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்! இவர்களோ ஜெர்மனியில் ஒரு மூலையில் நின்றுகொண்டு சொந்த ஊருக்குப் பயந்து கிசுகிசுக்கிறார்கள்.

அன்று மதியம் உருளைக்கிழங்கு சாலட்டை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்மா போய்விட்டார். டிராம் பிடித்து ஓடினேன். புவனா கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "தம்பிக்குச் சொல்லக் கூடாது" என்பதுதான்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. "ஏட்டி, பெத்த அம்மா..." என்று இழுத்தேன்.

"சொன்னால் வந்திடுவான். எனக்குத் தெரியும் அவனை. அண்டைக்கு அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைச்சவன். பேந்து அவனும் சண்டையிலை போயிட்டான். அம்மாவுக்கு இளையவன்தானே வைக்க வேணும்? சின்னனிலையிருந்து அவனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவ, எனக்கு நீதானடா எண்டு. ஓடி வந்திடுவான். அந்தக் குஞ்சுகள் ரெண்டும் அப்பன் இல்லாமல் நிக்குங்கள். ஏலாது, நான் விடமாட்டன்."

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். கொள்ளி வைக்கிற முறை எங்கள் பக்கமும் அதுதான்.

ஊராக இருந்தால் மறுநாளே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லாமல் சமாளிப்பது பெரிய காரியமில்லை. இங்கே எரிப்பதற்கு முன் இன்னொரு டாக்டர் வந்து பார்க்க வேண்டும், காகிதங்கள் வர வேண்டும், எரியூட்டும் இடத்தில் நேரம் கிடைக்க வேண்டும். "செத்தாலும் டெர்மின் எடுக்க வேணும் தங்கச்சி" என்றார் சிவநாதன் அண்ணன். முன்கூட்டி நாள் குறித்து வாங்குவதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை அது. டாக்டருக்கும் டெர்மின், முடி வெட்டவும் டெர்மின், சுடுகாட்டுக்கும் டெர்மின். கிடைத்தது அடுத்த வாரக் கடைசியில். அதுவரை மூச்சுவிடாமல் மறைக்க வேண்டும்.

அதில்தான் பெரிய வில்லங்கம் இருந்தது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம். ஒருவர் கண்ணை மூடினால் உடல் குளிர்வதற்குள் இணையத்தில் மரண அறிவித்தல் வந்துவிடும். படம், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள் யார், எந்தெந்த நாட்டில், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகலைகள் வரைக்கும் இருக்கும். உலகம் முழுக்கச் சிதறிப்போன சனத்துக்கு ஊர்ப் பறை அதுதான். புவனா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டொரண்டோ, பாரிஸ், சூரிச், கொழும்பு. எல்லாரிடமும் ஒரே பேச்சு. "அறிவித்தல் போடக் கூடாது. பேஸ்புக்கிலை விளக்குப் படம் போடக் கூடாது. போட்டியளெண்டால் உங்கட வீட்டுப் படி மிதிக்கமாட்டன்." பெற்ற தாய்க்கு ஒரு வரி அறிவித்தல் போடாமல் விடுகிறாளே என்று ஒரு பெரியம்மா போனிலேயே ஒப்பாரி வைத்தார். புவனா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் என் முறை. தலைவர் சொன்னபடிதான் வாசிக்கப் போயிருந்தேன். பிலிப்பைன்ஸ் தீவுகளைப் பிடித்ததையும், அங்கே விடுதலை கேட்டவர்களைச் சுட்டதையும், ஊரில் சீர்திருத்தம் பேசிக்கொண்டே தெற்கில் கறுப்பு மக்களை மரத்தில் தொங்கவிட்டதையும் வாசித்தேன். அவர்கள் பட்டாளத்தில் சீருடை போட்டு நின்ற ஓர் இந்தியருக்கே நீ வெள்ளையன் இல்லை, உனக்குக் குடியுரிமை இல்லை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வாசித்தேன். எல்லாரும் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். செத்துப்போனவர்களுக்குத் தலையாட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காகிதத்தைக் கீழே வைத்தேன். "இதெல்லாம் முடிந்துபோன கதை என்று நினைத்துக் கேட்கிறீர்கள். இங்கிருந்து டிராம் போகும் தூரத்தில் ஒரு தாயின் உடல் ஐஸில் கிடக்கிறது. அவருக்கு முறை செய்ய வேண்டிய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனிடம் செய்தியைச் சொல்ல அக்காவுக்குப் பயம். எந்த வரலாற்றுக்குள் இதை எழுதுவது, ஐயா? எத்தனை வருஷம் கழிந்தால் இதைப் பேச அனுமதி கிடைக்கும்?" என்று கேட்டேன். என் ஆங்கிலம் உடைந்தது, குரலும் உடைந்தது. தலைவர் நேரம் முடிந்தது என்பதற்கு மணியைத் தட்டினார். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மதியம் அந்த இளம்பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. "நான் எழுந்து பேசியிருக்க வேண்டும்" என்றாள். ஆமாம், பேசியிருக்க வேண்டும் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருத்தரங்கு முடிந்ததும் கருங்காடு, கோட்டை, ஏரி என்று சுற்ற ஆசைப்பட்டிருந்தேன். ஒன்றுக்கும் போகவில்லை. புவனா வீட்டில் தேநீர் போட்டேன், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். குமரன் தினமும் கூப்பிட்டான். அம்மாவுக்குத் தொண்டையில் குழாய் போட்டிருக்கிறது, பேச ஏலாது, டாக்டர் பயமில்லை என்று சொல்கிறார் என்று புவனா தினமும் புதிதாக ஒரு பொய் நெய்தாள். பேசி முடித்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

நடுவில் ஒரு நாள் லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் விஷயம் தெரியாமலோ வாய் பொறுக்காமலோ அம்மாவின் படத்தோடு கண்ணீர் அஞ்சலி என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான். "கோதாரி விழுவான்! எடடா அதை, இப்பவே எடடா!" என்று புவனா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜெர்மன்காரர் சன்னலைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட்டான். அமெரிக்காவில் அப்போது விடியவில்லை, குமரன் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலையில் இருப்பான், பார்த்திருக்க மாட்டான் என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம். அதற்கு மறுநாளிலிருந்து அவன் வெறும் குரலில்தான் பேசினான். போன் கேமரா பழுதாம். "நல்ல காலம், என்ர முகத்தைப் பார்த்திருந்தால் பிடிச்சிருப்பான்" என்றாள் புவனா.

டெர்மின் நாள் வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள், எல்லாரும் போனைப் பையில் வைத்திருந்தார்கள். ஐயர் ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்ததால் சிவநாதன் அண்ணன் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார். இங்கே கொள்ளி கிடையாது. சுவரில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் பெட்டி உள்ளே போகும். அண்ணன் அதன் முன்னால் போய் நின்றார், திரும்பிப் புவனாவைப் பார்த்தார். புவனா எழுந்து போய்ப் "தம்பிக்காக" என்று சொல்லி அழுத்தினாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. எனக்கு அந்தச் சுவரை ஓங்கி உதைக்க வேண்டும்போல இருந்தது. உலகத்தையே கட்டி ஆளுகிற பலம் வந்தபிறகு ஒரு மகன் தன் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர ஒரு வழி விட முடியாதா? அப்படி என்ன பயம் அவர்களுக்கு?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் குமரனின் அழைப்பு வந்தது. புவனா இரண்டு வார்த்தைதான் பேசினாள். "இஞ்சை செல்வியக்கா நிக்கிறா, கதை" என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிவநாதன் அண்ணன் வீட்டுச் சடங்குக்கு வந்திருந்த ஐயரைத் திரும்பக் கொண்டுபோய் விடப் போயிருந்தார்.

"செல்வியக்கா, தனியவோ நிக்கிறியள்?" என்றான்.

"ஆமாம்பா. அம்மா இப்பந்தான் கண் அசந்தாங்க..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் அக்கா."

திரையில் வெளிச்சம் வந்தது. கேமரா நன்றாகத்தான் வேலை செய்தது. மழுங்க மழித்த தலை. மீசையும் இல்லை. தாய்க்குக் கடமை செய்கிற மகனின் முகம். பின்னால் சுவரில் அம்மாவின் படத்துக்கு மாலை, கீழே ஒரு விளக்கு.

"லண்டன்காரன் போட்டதை அண்டைக்கே பாத்திட்டன். உடனே வெளிக்கிட்டனான். மனுசிதான் கார் ஓடினவ. ஏர்போட் வாசலிலை இறங்கிக் கதவைக்கூடச் சாத்திப்போட்டன். சின்னவள் சீற்றிலை இருந்து எப்ப வருவீங்கள் அப்பா எண்டு கேட்டாள். திரும்ப ஏறிட்டன்." மூக்கை உறிஞ்சினான். மாங்காய் திருடின பையன்தான் நினைவுக்கு வந்தான்.

"அக்காட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. தான்தான் மறைச்சு மறிச்சுப்போட்டன் எண்டு அவ நினைக்கிறா. அப்படியே இருக்கட்டும். தெரிஞ்சும் இளையவன் வரேல்லை எண்டு அவவுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்கு ஆர் செய்தது?"

"புவனாதான்" என்றேன்.

"நல்லது" என்றான். நல்லது, நல்லது என்று இன்னும் இரண்டு தடவை சொன்னான். குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. திரை இருண்டது, குரல் மட்டும் வந்தது. "சரி செல்வியக்கா, அம்மா எழும்பினால் நான் போன் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ" என்று சத்தமாகச் சொல்லி வைத்துவிட்டான்.

புவனா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னவாம்? ஒண்டும் சந்தேகப்படேல்லையே?"

"இல்லட்டி" என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அத்தனை நாளும் தேநீரிலேயே ஓட்டியவள், சோற்றுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள். "முப்பத்தோராம் நாள் காரியம் முடிய நானே பக்குவமாச் சொல்லுறன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.